கையால் இயக்கும் பிலிம் கமெரா: மட்டக்களப்பு வெயிலில் தொடங்குகிறவர்களுக்கு

பழைய பிலிம் கமெரா ஒன்று கைக்கு வந்ததும் பின்மூடியைத் திறந்து பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். திறக்க வேண்டாம். உள்ளே யாரோ பாதியில் விட்ட றோல் இருக்கலாம். 2004 சுனாமியில் கரையோர வீடுகள் பலவற்றில் அல்பங்கள் எல்லாம் அள்ளுண்டு போய்விட்டன. வேறு ஊரில் இருந்த மாமாவோ பெரியப்பாவோ கொடுத்த கமெராவுக்குள் அந்தக் காலத்து முகங்கள் இருந்தாலும் இருக்கும்.

மேல்தட்டின் இடது ஓரத்தில் ஒரு குமிழும், அதில் மடித்து வைத்த சின்னக் கைபிடியும் தெரியும். கைபிடியை விரித்து வலஞ்சுழியாக மெல்லத் திருப்புங்கள். சும்மா சுழன்றால் உள்ளே ஒன்றும் இல்லை. இறுக்கம் கையில் பட்டால் பிலிம் இருக்கிறது. அப்போது கமெராவின் அடியில் உள்ள சிறு பட்டனை அழுத்திவிட்டு, இறுக்கம் ஒரேயடியாக விட்டுப்போகும்வரை அதே பக்கமாகச் சுற்றுங்கள். பிறகு திறந்து றோலை எடுத்து, யாருடையது, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். கழுவக் கொடுக்கும்போது அதன் வயதையும் சொல்ல வேண்டும்.

இனி இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான். கண்கூச வைக்கும் வெயில் அடிக்கிற எங்கள் ஊரில், பிலிம் படங்கள் பெரும்பாலும் வெளிச்சம் போதாமல்தான் கெடுகின்றன. கேட்க விசித்திரமாக இருக்கும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கமெரா உயிரோடு இருக்கிறதா?

முதலில் உங்கள் கமெரா பற்றரி இல்லாமல் ஓடுமா என்று தெரிந்துகொள்ளுங்கள். பென்டாக்ஸ் கே1000, 1976 முதல் 1997 வரை விற்பனையில் இருந்தது. அதன் ஷட்டர், அதாவது பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை, முழுக்கச் சுருள்வில்லாலும் பற்சக்கரத்தாலும் இயங்குவது. பற்றரி வெளிச்சத்தை அளக்கும் லைட் மீற்றருக்கு மட்டும். 1982இல் வந்த நிக்கோன் எஃப்எம்2வும் அப்படித்தான். கெனன் ஏஈ-1இல் பற்றரி செத்தால் ஷட்டரே விழாது. சோவியத் தயாரிப்பான செனிட் ஈயில் உள்ள மீற்றர் வெளிச்சத்திலேயே இயங்கும், பற்றரியே வேண்டாம். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அது காட்டும் அளவை அப்படியே நம்ப முடியாது. புதிதாக வாங்கப் போகிறவர் என்னைக் கேட்டால் கே1000 என்பேன். அதில் கெட்டுப்போகக்கூடியவை குறைவு, பார்த்துப் பழக வேண்டியவை எல்லாம் கண்முன்னே இருக்கின்றன.

கே1000க்கு எல்ஆர்44 அளவுப் பொத்தான் பற்றரி ஒன்று போதும். மணிக்கூட்டுக் கடையில் கேளுங்கள். எஸ்ஆர்44 கிடைத்தால் அதையே வாங்குங்கள். கடைசிவரை ஒரே வோல்ற்றைத் தருவதால் மீற்றர் பொய் சொல்லாது. பற்றரி அறைக்குள் பச்சை பிடித்திருந்தால், பஞ்சுக்குச்சியில் வினாகிரி தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

பின்மூடியைத் திறந்து ஷட்டரைப் பாருங்கள். துணித் திரையானாலும் உலோகத் தகடானாலும் விரலால் தொடக்கூடாது. வேக வட்டத்தை 1இல் வைத்து அழுத்தினால் திரை ஒரு செக்கன் திறந்து நிற்க வேண்டும். 1000இல் வைத்து, லென்ஸைக் கழற்றி, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து அழுத்துங்கள். படச் சட்டம் முழுவதும் ஒரே சீராக ஒரு மின்னல் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் அந்த வேகத்தைப் பாவிக்காமல் விடுங்கள். 125, 250 சரியாக இருந்தால் தாராளமாகப் பழகலாம்.

மூடியின் ஓரத்தில் ஓடும் கறுப்பு நுரையையும் தொட்டுப் பாருங்கள். எங்கள் வெப்பத்துக்கு அது தார்போல உருகி ஒட்டும். அப்படியானால் வெளிச்சம் கசிந்து படத்தில் செம்மஞ்சள் கோடு விழும். மதுசாரத்தில் நனைத்த பஞ்சால் பழையதைத் துடைத்தெடுத்து, ஒடுக்கமான பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலையும் கீல் பக்கத்தில் மெல்லிய கறுப்பு வெல்வெட்டையும் ஒட்டினால் போதும்.

லென்ஸுக்கு ஒரு டோர்ச். பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்னால் பாருங்கள். நாலைந்து தூசிகளால் ஒன்றும் ஆகாது. சிலந்தி நூல்போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் பாவிக்கலாம். நடுவில் படர்ந்ததைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

லென்ஸைக் கழற்றும் திசை கொம்பனிக்குக் கொம்பனி மாறும். கே1000இல் பக்கத்திலுள்ள விடுவிப்பானை அழுத்திக்கொண்டு, முன்னால் நின்று பார்க்க இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். நிக்கோனில் அதற்கு நேர்மாறு. செனிட்டில் அது வெறும் திருகு மரை. வராத பக்கம் பலம் கொடுக்காதீர்கள்.

றோலைப் போடுதல்

நிழலில் நின்று போடுங்கள். கடற்கரையில் நிழலே இல்லையென்றால் சூரியனுக்கு முதுகு காட்டி, உங்கள் உடம்பின் நிழலுக்குள் கமெராவை வைத்துக்கொள்ளுங்கள்.

இடது குமிழை மேலே இழுத்தால் மூடி திறக்கும். றோலை இடது அறைக்குள் வைத்து, குமிழைத் திரும்ப அழுத்தி, பிலிமின் நாக்கை வலப்பக்கச் சுருளின் பிளவுக்குள் நுழையுங்கள். பிலிமை நகர்த்தும் லீவரை ஒருமுறை இழுங்கள். பிலிமின் இரு ஓரத் துளைகளும் பற்களில் ஏறியிருப்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் மூடியை மூட வேண்டும். பிறகு, எடுத்த படங்களைக் கணக்கிடும் எண்ணி 1 என்று காட்டும்வரை லீவரை இழுத்து வெறுமனே அழுத்துங்கள்.

இப்போது மிக முக்கியமான இடம். இடது கைபிடியை மெல்லச் சுற்றித் தொய்வை எடுத்துவிட்டு, அடுத்தமுறை லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருங்கள். குமிழ் தானாகச் சுழன்றால் பிலிம் நகர்கிறது. அசையாவிட்டால் நாக்கு கழன்றுவிட்டது. மூடியைத் திறந்து மறுபடி போடுங்கள். எண்ணியை நம்பக்கூடாது. அது பிலிம் இல்லாமலும் 36 வரை எண்ணும். ஒரு திருவிழா முழுக்கப் படமெடுத்து முடித்த பிறகு வெறும் றோல் என்று தெரியவருவது எவருக்கும் நேரக்கூடாத துக்கம். குமிழைப் பார்க்கும் பழக்கம் அதைத் தடுக்கும்.

பிலிமின் ஐ.எஸ்.ஓ எண்ணையும், அதாவது வெளிச்சத்தை உணரும் அதன் வேகத்தையும், கமெராவுக்குச் சொல்ல வேண்டும். கே1000இல் ஷட்டர் வட்டத்தின் வெளிவளையத்தைத் தூக்கித் திருப்பினால் ஏ.எஸ்.ஏ (ஐ.எஸ்.ஓவின் பழைய பெயர்) என்ற சின்னச் சாளரத்தில் எண் மாறும். 200 என்று எழுதிய வர்ண பிலிமானால் 100இல் வையுங்கள். ஏன் என்பது கீழே.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் பிலிம் சொல்லிவிட்டால், சரக்குப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். சரக்குப் பெட்டிகளை ஊடுருவும் எக்ஸ்-கதிர் பலமானது, பிலிமைக் கெடுக்கும். விமான நிலையங்களில் புதிதாக வந்திருக்கும் சி.டி. வகை இயந்திரங்கள் கைப்பையில் இருந்தாலும் கெடுக்கும். அங்கே கையால் சோதிக்கும்படி கேட்க வேண்டும்.

மூன்று எண்கள்

பிலிமின் வேகம் றோலோடு தீர்மானமாகிவிடும். மிச்சம் இரண்டுதான் உங்கள் கையில்: அபெர்ச்சர், ஷட்டர்.

அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் இருக்கும் துளை. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண் ஏறஏறத் துளை சிறுக்கும். ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகும். ஷட்டர் 30, 60, 125, 250, 500, 1000; 125 என்றால் செக்கனில் 125இல் ஒரு பங்கு, அதாவது 1/125. அங்கும் ஒவ்வொரு படியும் பாதி. ஆகவே ஒன்றை ஒரு படி கூட்டி மற்றதை ஒரு படி குறைத்தால் பிலிமில் விழும் வெளிச்சம் மாறாது. எஃப் 16இல் (அபெர்ச்சர் எண்ணை இப்படித்தான் சொல்வார்கள்) 1/250, எஃப் 11இல் 1/500, எஃப் 8இல் 1/1000 மூன்றும் ஒன்றே.

பிறகு எதற்குத் தெரிவு? துளை சிறுத்தால் முன்னும் பின்னும் அதிக தூரம் தெளிவாக வரும். ஷட்டர் வேகம் கூடினால் அசைவு உறையும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் எண் லென்ஸில் எழுதியிருக்கும் மில்லிமீற்றர் எண்ணைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: 50க்கு 60, 135க்கு 250.

வெயிலைக் கண்ணால் அளத்தல்

மீற்றர் இல்லாமலே அளக்கலாம், அதைத்தான் முதலில் பழக வேண்டும் என்பது என் துணிபு. நிலத்தில் விழும் நிழலைப் பாருங்கள். ஓரம் கூராக, கறுப்பாக விழுந்தால் எஃப் 16, ஷட்டர், ஐ.எஸ்.ஓ எண்ணுக்குக் கிட்டிய எண்ணில். 200க்கு 1/250. மெல்லிய முகில் ஓடி நிழலின் ஓரம் மங்கினால் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மூட்டமானால் 8. மாரி மூட்டம், நிழலே இல்லை என்றால் 5.6. வேம்பின் கீழோ திண்ணையிலோ வெளிவெயில் படாமல் இருப்பவருக்கு 4. காலையில் சூரியன் கடலைவிட்டு எழும்பிய சற்று நேரமும் பின்னேரம் சாயும் நேரமும் இந்தக் கணக்குக்குள் வரமாட்டா. அப்போது இரண்டு மூன்று படி கூட்டித் திறக்க வேண்டும்.

இனி அந்த விசித்திரத்துக்கு வருவோம். லைட் மீற்றருக்கு மணல், தண்ணீர், முகம் என்று வேறுபாடு தெரியாது. தன் முன்னால் உள்ளதெல்லாம் சராசரியில் ஒரு நடுச்சாம்பல், ஏறத்தாழ 18 வீதம் ஒளியைத் திருப்புவது என்று எண்ணித்தான் அது கணக்குச் சொல்கிறது. பாசிக்குடா மணலைக் காட்டினால், "இவ்வளவு வெளிச்சமா, குறை" என்று சொல்லும். நீங்கள் குறைப்பீர்கள். மணல் சாம்பலாகும், அதில் நிற்கும் பிள்ளையின் முகம் கரியாகும்.

இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல், வாவி, வெண்மணல், வயல்நீர், வெளுத்த வானம். மீற்றர் நாள் முழுக்க ஏமாந்துகொண்டே இருக்கும். இதோடு எங்கள் தோலின் நிறத்தையும் உச்சி வெயிலையும் சேருங்கள். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்குள் இருப்பதால், ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகலில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் கண்குழி முழுவதும் இருட்டு.

வர்ண நெகட்டிவ் பிலிமும் கறுப்பு வெள்ளை பிலிமும் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். இரண்டு படி கூடினாலும் படம் நன்றாகவே வரும். குறைவை அவை தாங்கா. நிழலில் பதியாமல் போனதைக் கழுவும்போதும் அச்சிடும்போதும் எவராலும் கொண்டுவர முடியாது. ஆகவே அளப்பது எப்போதும் நிழலுக்கு. இதற்காகத்தான் 200 பிலிமுக்கு வட்டத்தை 100இல் வைக்கச் சொன்னேன். றோல் முழுவதற்கும் ஒரு படி வெளிச்சம் கையிருப்பாகக் கிடைக்கும். (ஸ்லைட் பிலிமுக்கு இது பொருந்தாது. அதில் வெளிச்சப் பகுதிக்கு அளக்க வேண்டும். தொடங்குகிறவர் ஸ்லைட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம்.)

செய்கிற முறை இதுதான். பின்னேரம் நாலு மணி, வாவிக்கரை. தோணியில் ஒருவர் நின்று வலையை உதறுகிறார், அவருக்குப் பின்னால் படுவான்கரைப் பக்கம் சாய்ந்த சூரியனில் தண்ணீர் மினுங்குகிறது. அப்படியே கமெராவைத் தூக்கிப் பார்த்தால், பார்வைக்கண்ணாடியில் தெரியும் மீற்றர் ஊசி உங்களை எஃப் 16க்குத் தள்ளும். தள்ளுப்படாதீர்கள். உங்கள் புறங்கையை, அவர் முகத்தில் விழும் அதே பக்க வெளிச்சத்தில் நீட்டி, சட்டம் நிறையக் கையை வைத்து அளவுங்கள். மாநிறப் புறங்கை நடுச்சாம்பலுக்குக் கிட்டத்தான் நிற்கும். அருகில் பச்சைப் புல்தரை இருந்தாலும் அதுவே நல்ல அளவுகோல். கிடைத்த எண்ணை வைத்துவிட்டு, பிறகு ஊசி என்ன சொன்னாலும் கேட்காமல் எடுங்கள்.

திசையையும் யோசியுங்கள். காலையில் கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் கடலைப் பார்த்து நிற்பார்கள், சூரியன் அவர்கள் முகத்துக்கு நேரே. நீங்கள் அலை நனைக்கும் விளிம்பில் நின்று கரையைப் பார்த்து எடுத்தால் ஒவ்வொரு முகமும் துலங்கும். எல்லோரும் செய்வதுபோல் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் உருவக்கோடுகள்தான் கிடைக்கும்; அதுவே வேண்டுமென்றால் நல்லது, ஆனால் தெரிந்து எடுங்கள். கமெராவைத் தூக்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, ஒரு படம் எடுக்கட்டா?" காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் "நானா". முகாம், காவலரண் பக்கம் கமெராவைத் திருப்பவே வேண்டாம்.

லென்ஸும் ஃபோகஸும்

50 மி.மீ ஒன்று போதும். 28, 135 எல்லாம் பிறகு. 50இல் தூரம் மாற்ற நீங்கள்தான் நடக்க வேண்டும், அந்த நடையில்தான் சட்டம் அமைக்கும் பழக்கம் வரும்.

பார்வைக்கண்ணாடியின் நடுவில் இரண்டாக வெட்டிய வட்டமோ, மினுமினுக்கும் பொடி வட்டமோ இருக்கும். வெட்டு வட்டமானால் ஒரு நேர்க்கோட்டை, கதவு விளிம்பையோ தோணியின் சவள் தடியையோ, அதில் வைத்து இரு பாதியும் பொருந்தும்வரை வளையத்தைத் திருப்புங்கள். பொடி வட்டமானால் மினுக்கம் அடங்கும்வரை. முகமென்றால் கிட்ட இருக்கும் கண். எஃப் 2இல் ஒரு மீற்றர் தூரத்தில் தெளிவாக வரும் ஆழம் ஏறத்தாழ 5 சென்றிமீற்றர்தான். நீங்கள் மூச்சுவிட்டு ஆடினாலே கண் போய் காது தெளியும்.

ஓடுகிறதை எடுக்க ஃபோகஸ் பண்ணி முடியாது. அதற்குத்தான் லென்ஸின் மேல் தூர எண்களும், அவற்றின் இருபக்கமும் அபெர்ச்சர் எண்களும் வெட்டியிருக்கிறார்கள். வீச்சு வலை வீசுபவரை எடுப்பதானால் எஃப் 11, 1/500 என்று முன்னமே வைத்து, தூரத்தை 7 மீற்றரில் நிறுத்துங்கள். 50 லென்ஸில் ஏறத்தாழ 4 மீற்றருக்கு அப்பால் எல்லாம் தெளிவாக வரும். வலை விரியும் அந்தக் கணத்தில் நீங்கள் செய்ய வேண்டியது அழுத்துவது மட்டுமே. 28 லென்ஸில் எஃப் 8 வைத்து 3 மீற்றரில் நிறுத்தினால் சந்தை, தெரு, திருவிழாக் கூட்டம் எல்லாவற்றுக்கும் தொடாமலே எடுக்கலாம்.

கூத்துக்கு வேறு கணக்கு. இரவு, களரியில் மின்விளக்கு. 400 கறுப்பு வெள்ளை பிலிம், இல்ஃபோர்ட் எச்பி5 போன்றது, எஃப் 2, 1/60 என்று தொடங்குங்கள். வடமோடி ஆட்டத்தின் சுழற்சி 1/60இல் உறையாது. தரு முடிந்து ஆட்டக்காரர் நிலைகொள்ளும் இடம் ஒன்று உண்டு, மத்தளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது வரப்போவது தெரியும். பிளாஷ் வேண்டாம், உடுப்பின் மினுக்கத்தையும் ஆடுபவரின் கவனத்தையும் அது கெடுக்கும். வேறு இடத்தில் பாவிப்பதானால் கே1000இல் ஷட்டர் 60ஐத் தாண்டக்கூடாது, தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

முடித்தலும் காத்தலும்

36ஐ நெருங்கி லீவர் இறுகினால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள். அடிப்பட்டனை அழுத்தி, முன்னர் சொன்னதுபோலச் சுற்றி எடுங்கள். பட்டனை மறந்து சுற்றினால் துளைகள் கிழியும்.

வெயிலில் நின்ற வாகனத்துக்குள் றோலை விடாதீர்கள். எடுக்காத றோல்களைப் பிரிட்ஜில் வைத்து, பாவிக்குமுன் டப்பா திறக்காமல் இரண்டு மூன்று மணித்தியாலம் வெளியே வைத்தால் ஈரம் படியாது. எடுத்து முடித்ததை நாள் தள்ளாமல் கழுவ அனுப்புங்கள். வர்ண பிலிமைக் கழுவும் மருந்து 37.8 பாகையில் 3 நிமிடம் 15 செக்கன் நிற்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யும் இடத்தில் கொடுப்பதே மேல். கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவலாம், ஆனால் அதன் நேரக்கணக்கு 20 பாகைக்கு எழுதப்பட்டது. எங்கள் குழாய்த் தண்ணீர் அதைவிட மிகச் சூடு. மருந்துப் போத்தலை ஐஸ் போட்ட வாளிக்குள் நிறுத்தி, வெப்பமானி 20 காட்டிய பிறகு தொடங்குங்கள்.

கடற்கரையிலிருந்து வந்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் கமெராவைத் துடையுங்கள், உப்பு உலோகத்தைத் தின்னும். லென்ஸின் முன்னால் ஒரு யூ.வி. பில்டர் எப்போதும் இருக்கட்டும். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை அந்தத் தோலே ஈரத்தைக் குடித்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுவது. அரிசி போடுவார்கள் சிலர். அதன் தவிடு லென்ஸ் வளையத்துக்குள் போகும். மாதம் ஒருமுறை எடுத்து எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓடவிடுங்கள்.

நெகட்டிவை வாசித்தல்

கழுவி வந்ததும் முதலில் ஸ்கேனைப் பார்க்காமல் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். நிழல் பகுதிகள் ஒன்றுமில்லாமல் வெறும் பிலிமாகத் தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை; அடுத்த றோலில் இன்னும் ஒரு படி கூட்டுங்கள். முழுக்கத் தடித்துக் கறுத்திருந்தால் மிகக் கூடியது. ஓரத்து எண்கள் தெளிவாக இருந்து படம் மட்டும் இல்லையென்றால் பிலிம் நகரவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எண்களும் இல்லையென்றால் பிழை கழுவிய இடத்தில். நீளவாக்கில் நேர்க்கோடாகக் கீறல் ஓடினால் பின்மூடியின் அழுத்துதகட்டில் மணல் இருக்கலாம். ஊதுபந்தால் ஊதிவிடுங்கள், வாயால் ஊத வேண்டாம்.

ஸ்கேனை மட்டும் வாங்கிக்கொண்டு நெகட்டிவைக் கடையில் விட்டுவராதீர்கள். ஆறு ஆறு படமாக வெட்டி நெகட்டிவ் உறைக்குள் போட்டு, உறையில் இடம், திகதி, படத்தில் உள்ளவர்களின் பெயர் எழுதி, கமெரா இருக்கும் அதே சிலிக்கா ஜெல் பெட்டியில் வையுங்கள்.